பழைய வீடியோ கேம்களை எதில் ஆடுவது: மூலக் கருவியும் எமுலேட்டரும்

நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபாமிகாம் என்னும் வீட்டு வீடியோ கேம் கருவி நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதற்கு முன்பே 1977இல் வந்த அட்டாரி 2600, பின்னர் 1988இல் வந்த சேகா மெகா டிரைவ், 1990இல் வந்த சூப்பர் ஃபாமிகாம் ஆகியவற்றின் உற்பத்தியும் நின்று வெகுகாலம் ஆகிறது. இவற்றுக்கென எழுதப்பட்ட ஆட்டங்களை இன்று ஆட விரும்புவோருக்கு இரண்டு வழிகள் உள்ளன. மூலக் கருவியையும் அதன் கேட்ரிட்ஜையும், அதாவது ஆட்டத்தின் நிரல் பதிந்த சில்லை உள்ளடக்கிய பிளாஸ்டிக் பெட்டியையும் தேடி வாங்கி, பழைய தொலைக்காட்சியில் இணைத்து ஆடுவது ஒரு வழி. எமுலேட்டர் எனப்படும் மென்பொருளில் ஆடுவது மற்றொரு வழி. ஒரு கருவியின் மையச் செயலியும் படச் சில்லும் ஒலிச் சில்லும் ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன செய்யுமோ அதை வேறொரு கணினி தன் நிரலால் நடித்துக் காட்டுவதே எமுலேட்டரின் பணி. இவ்விரண்டில் எது உண்மையான ஆட்டம் என்று ஆர்வலர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவது வழக்கம். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதை அந்த வாதம் மறைத்துவிடுகிறது: எமுலேட்டர் என்பது மூலக் கருவியைப் பற்றிய அறிவு, மூலக் கருவி என்பது அந்த அறிவைச் சரிபார்க்கும் சான்று என்பதே இவ்வுரை நிறுவ முயலும் கருத்து.

பழைய ஆட்டங்களில் நிரலையும் கருவியையும் தனித்தனியாகப் பிரித்துவிட முடியாது என்பதற்கு, டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ 1978இல் உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் தெளிவான சான்றாகும். அந்த ஆட்டத்தில் வேற்றுக்கிரகப் படையினர் எண்ணிக்கையில் குறையக் குறைய வேகம் கூடிப் பாய்ந்து வருவதும், கடைசியாக எஞ்சிய ஒருவன் திரையின் குறுக்கே விரைந்தோடுவதும் ஆடுவோரின் நெஞ்சைப் படபடக்கச் செய்தன. அந்த வேக ஏற்றம் முதலில் திட்டமிட்டு எழுதப்பட்டதன்று. இன்டெல் 8080 என்னும் செயலியால் ஐம்பத்தைந்து உருவங்களையும் ஒரே நேரத்தில் நகர்த்த இயலாததால், உருவங்கள் குறைந்தபோது வேலை குறைந்து எஞ்சியவை விரைந்தன, அந்த விளைவு நன்றாக இருப்பதைக் கண்ட நிஷிகாடோ அதை ஆட்டத்தின் இயல்பாகவே விட்டுவைத்தார். கருவியின் இயலாமை ஆட்டத்தின் அழகாக மாறிய இடம் இது. அட்டாரி 2600இல் இந்தப் பிணைப்பு இன்னும் இறுக்கமானது. அதன் செயல் நினைவகம் 128 பைட்டுகள் மட்டுமே. ஒரு முழுத் திரைப் படத்தைச் சேமித்து வைக்க அதில் இடமே இல்லை. ஆகவே தொலைக்காட்சியின் படக்குழாயில் எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு வரியாக வரைந்துகொண்டு செல்லும்போதே, அந்தக் கற்றைக்கு ஓர் அடி முந்திச் சென்று அடுத்து என்ன நிறம் வர வேண்டும் என்பதை நிரல் சொல்லிக்கொண்டே போக வேண்டியிருந்தது. இத்தகைய நிரலை வேறொரு கணினியில் நடத்துபவர் கட்டளைகளின் பொருளை அறிந்திருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கட்டளைக்கும் எத்தனை துடிப்பு, அதாவது கடிகாரச் சில்லின் எத்தனை சுற்று, செலவாகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

தொடக்க கால எமுலேட்டர்கள் இந்தக் கணக்கைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை, அவற்றின் சூழலில் பொருட்படுத்தவும் இயலவில்லை. 1997இல் நெஸ்டிகிள், இசட்ஸ்நெஸ் ஆகியவை வெளிவந்தபோது வீட்டுக் கணினிகளின் வேகம் குறைவாக இருந்தது. ஆட்டம் தடையின்றி ஓட வேண்டும் என்பதே அவற்றை எழுதியவர்களின் முதல் நோக்கம். அதற்காகத் துடிப்புகளைத் தோராயமாகக் கணக்கிட்டார்கள், புகழ்பெற்ற ஆட்டங்கள் கெடாமல் ஓடுவதற்கு ஆங்காங்கே ஒட்டுப்போட்டார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது தவறாகும். ஜப்பானில் மட்டும் வெளிவந்த எத்தனையோ ஆட்டங்கள் உலகின் பிற பகுதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது அவர்களால்தான். ஆயினும் அந்தத் தோராயத்துக்கு ஒரு விலை இருந்தது. ஆர்வலர்கள் ஜப்பானிய ஆட்டங்களை மொழிபெயர்த்து மாற்றியமைத்தபோது தங்கள் பணியை இத்தகைய எமுலேட்டர்களிலேயே சோதித்துப் பார்த்தார்கள். விளைவாக, எமுலேட்டரின் பிழையை நம்பி எழுதப்பட்ட பல மொழிபெயர்ப்புகள் மூலக் கருவியில் இட்டபோது ஓடாமல் நின்றன. ஓலைச்சுவடியைப் பார்க்காமல் பிழை மலிந்த பதிப்பை வைத்தே உரை எழுதினால் நேர்வது இங்கும் நேர்ந்தது.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர், முதலில் பியூ என்றும் பின்னர் நியர் என்றும் புனைபெயர் பூண்டு எழுதிய நிரலாளர். 2004இல் அவர் தொடங்கிய பிஸ்நெஸ் என்னும் எமுலேட்டர், சூப்பர் ஃபாமிகாமின் ஒவ்வொரு சில்லையும் துடிப்புக்குத் துடிப்பு ஒத்து நடிக்கச் செய்வதை இலக்காகக் கொண்டது. அந்தக் கண்டிப்பு எதற்கு என்பதை இரண்டு ஆட்டங்களைக் கொண்டு விளக்கலாம். ஸ்பீடி கொன்சாலஸ் என்ற ஆட்டத்தின் பிந்தைய கட்டமொன்றில் ஒரு பொத்தானை மிதித்தால் பெரும்பாலான எமுலேட்டர்களில் ஆட்டம் உறைந்துபோயிற்று. அந்த ஆட்டத்தின் நிரலில் இருந்த ஒரு தவறு, எந்தச் சில்லும் இணைக்கப்படாத ஒரு நினைவக முகவரியைப் படித்து, அங்கே எதிர்பார்த்த மதிப்பு வரும்வரை சுற்றிக்கொண்டே இருந்தது. மூலக் கருவியில் அந்த முகவரியைப் படித்தால், தரவுத் தடத்தில் கடைசியாகச் சென்ற மதிப்பின் எச்சமே கிடைக்கும். படத்துக்கான தரவை வரிதோறும் அனுப்பும் பகுதி சரியான துடிப்பில் குறுக்கிடும்போது அந்த எச்சம் மாறி, சுழல் விடுபட்டு, ஆட்டம் தொடரும். மற்றொன்றான ஏர் ஸ்டிரைக் பட்ரோலில் விமானத்தின் நிழல் ஒரு வரி வரையப்பட்டுக்கொண்டிருக்கும் நடுவிலேயே திரையின் ஒளியளவை மாற்றி உண்டாக்கப்பட்டது. வரி வரியாக மட்டும் கணக்கிடும் எமுலேட்டரில் அந்த நிழல் தோன்றுவதே இல்லை. இத்தகைய சில ஆட்டங்களுக்காக அனைத்துச் சில்லுகளையும் துடிப்பளவில் நடிக்கச் செய்தால், சுமார் 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகத்துச் செயலியைப் பின்பற்ற 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்துச் செயலி தேவைப்படும் என்று நியர் 2011இல் விளக்கினார். சில நிழல்களுக்காக இவ்வளவு செலவா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் எந்த ஆட்டம் எந்த நுட்பத்தைச் சார்ந்திருக்கிறது என்று முன்கூட்டியே எவராலும் சொல்லிவிட முடியாது. கருவி முழுவதையும் சரியாக எழுதினால்தான், எவரும் விரும்பித் தேடாத ஆட்டமும் பிழைக்கும். அவர் தேர்ந்த வழி சரியானது என்பதில் ஐயமில்லை.

இந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. சூப்பர் ஃபாமிகாமின் பல கேட்ரிட்ஜுகளில், கருவியின் ஆற்றல் போதாமையை ஈடுசெய்யத் துணைச் சில்லுகள் வைக்கப்பட்டிருந்தன; சூப்பர் மரியோ கார்ட்டில் இருந்த டிஎஸ்பி-1 அவற்றுள் ஒன்று. அச்சில்லின் உள் நிரலை வெளியிலிருந்து படிக்க வழியில்லாததால், நெடுங்காலம் அது என்ன விடை தருகிறது என்று பார்த்து ஊகித்து எழுதினார்கள். பின்னர் சில்லின் மேலுறையை அமிலத்தால் அகற்றி, நுண்ணோக்கியின் கீழ்ப் படம்பிடித்து, அதில் பொறித்திருந்த நிரலையே படித்தெடுத்தார்கள். 1975இல் வந்த 6502 என்னும் செயலிக்கு (அதன் வழிவந்த வடிவமே ஃபாமிகாமிலும் இருந்தது) 2010இல் விஷுவல்6502 என்ற திட்டம் இதே முறையில் டிரான்சிஸ்டர் மட்டம் வரையிலான முழு வரைபடத்தை உருவாக்கிக் காட்டியது. எமுலேட்டரின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால், சோதித்துப் பார்க்கப்பட்ட அல்லது பலியிடப்பட்ட ஒரு மூலச் சில்லு இருக்கிறது.

சில்லுகள் அனைத்தையும் துல்லியமாக நடிக்கச் செய்த பிறகும் திரை எஞ்சி நிற்கிறது. பழைய ஆட்டங்களின் படத்தை வரைந்த கலைஞர்கள் படக்குழாய்த் தொலைக்காட்சியை மனத்தில் வைத்தே வரைந்தார்கள். ஃபாமிகாமின் படம் கிடைமட்டத்தில் 256 புள்ளிகள் கொண்டது. ஜப்பானிய, அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இராமல் ஏறத்தாழ 8:7 என்ற விகிதத்தில் அகன்று விழுந்தது. சதுரப் புள்ளிகள் கொண்ட இன்றைய திரையில் இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், வட்டமாக வரையப்பட்டவை ஒடுங்கிப் போகின்றன. 1991இல் வந்த சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்கின் அருவிகள் இதைவிட நுட்பமானவை. மெகா டிரைவில் ஒளி ஊடுருவும் உருவத்தை வரைய வசதி போதாது. ஆகவே ஒன்றுவிட்டு ஒன்றாக மெல்லிய செங்குத்துக் கோடுகளை வரைந்து வைத்தார்கள். நிறமும் ஒளியும் ஒரே கம்பியில் கலந்து செல்லும் காம்போசிட் இணைப்பு அக்கோடுகளைக் கரைத்து, பின்னணி தெரியும் நீர்த்திரையாக மாற்றியது. இன்றைய தெளிந்த திரையில் அருவி மறைந்து கோடுகளே தெரிகின்றன. படம் முன்னைவிடக் கூர்மையாக இருக்கிறது. ஆனால் கலைஞர் கண்ட படம் அதுவன்று. படக்குழாயின் வரியமைப்பையும் நிறக்கசிவையும் போலச்செய்யும் வடிகட்டிகள் இப்போது எமுலேட்டர்களில் உள்ளன, நுண்புள்ளித் திரைகளில் அவை நன்றாகவே அமைகின்றன. என்றாலும் அசைவில் வேறுபாடு நீடிக்கிறது: படக்குழாயில் ஒவ்வொரு பிரேமும், அதாவது நொடிக்கு அறுபது முறை மாறும் ஒவ்வொரு படமும், கணநேரம் ஒளிர்ந்து அணையும், இன்றைய திரைகளில் அடுத்த படம் வரும்வரை அது நிலைத்து நிற்பதால், ஓடும் உருவங்கள் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகின்றன.

திரையின் இயல்பையே சார்ந்து இயங்கிய துணைக்கருவியும் ஒன்று உண்டு. டக் ஹன்ட் ஆட்டத்தில் பயன்பட்ட ஜாப்பர் துப்பாக்கி எந்த ஒளியையும் வெளியே செலுத்துவதில்லை; அதன் குழலுக்குள் ஓர் ஒளி உணரி மட்டுமே இருந்தது. விசையை அழுத்தியதும் ஆட்டம் திரையை ஒரு பிரேம் முழுவதும் கறுப்பாக்கி, அடுத்த பிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெண்கட்டத்தை வரையும். முதலில் இருளையும் பின் ஒளியையும் உணரி கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டும் இன்றைய திரைகளில் அந்த ஒளி உரிய கணத்தில் வராது என்பதோடு, படக்குழாயின் வரி வேகத்துக்கு இசைந்து அமைந்த ஜாப்பரின் மின்சுற்று பிற ஒளியைப் பொருட்படுத்துவதும் இல்லை. ஆகவே நல்ல நிலையில் உள்ள மூலக் கருவியும் மூலக் கேட்ரிட்ஜும் கையில் இருந்தாலும், படக்குழாய்த் தொலைக்காட்சி இல்லாவிட்டால் அந்த ஆட்டம் ஆட்டமாவதில்லை.

தாமதம் என்ற இக்குறை பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பொதுவானது. மூலக் கருவியும் படக்குழாயும் சேர்ந்தால் விரலின் அசைவு ஓரிரு பிரேமுக்குள் திரைக்கு வந்துவிடும். எமுலேட்டர், இயங்குதளம், திரையின் படச் செயலாக்கம் என்று இடையீடுகள் கூடும்போது அது பன்மடங்காகலாம். எமுலேட்டர்கள் இதற்குக் கண்டுபிடித்த மாற்று வியப்புக்குரியது. இப்போதைய பொத்தான் நிலையை வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஓரிரு பிரேம் முன்னோக்கி ரகசியமாக ஓட்டி, அந்தப் படத்தையே காட்டிவிட்டு, நிலையைப் பின்னுக்கு மீட்டுக்கொள்கின்றன. ஆட்டத்துக்குள்ளேயே அமைந்த தாமதத்தையும் இது நீக்கிவிடுவதால், சில வேளைகளில் எமுலேட்டர் மூலக் கருவியைவிட விரைந்து பதிலளிக்கிறது.

மூலக் கருவியை மட்டுமே நம்புவோர் எதிர்கொள்ள வேண்டிய உண்மை, அது நாள்தோறும் தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதாகும். 1990இல் வந்த சேகா கேம் கியரின் மின்தேக்கிகள் கசிந்து, தாமிரத் தடங்களை அரித்து, ஒலியையும் படத்தையும் மங்கச் செய்வது நன்கு அறியப்பட்டது. ஆட்ட நிலையைச் சேமிக்கக் கேட்ரிட்ஜுக்குள் வைத்த சிறு மின்கலங்கள் தீர்ந்துபோகின்றன. எல்லாவற்றிலும் கொடிய எடுத்துக்காட்டு, கேப்காம் நிறுவனம் 1993 முதல் விளையாட்டுக் கூடங்களுக்கு அனுப்பிய சிபிஎஸ்-2 என்னும் பலகைகள். திருட்டு நகலைத் தடுப்பதற்காக அவற்றின் நிரல் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் திறவுகோல் மின்கலத்தின் ஆதரவில் மட்டுமே உயிரோடிருக்கும் நினைவகத்தில் இருந்தது. மின்கலம் தீர்ந்தால் திறவுகோல் அழியும், பலகை செயலற்றுப்போகும். இத்தகைய மின்கலத்தை ஆர்வலர்கள் தற்கொலை மின்கலம் என்றே அழைத்தார்கள். இந்தப் பூட்டை முதலில் 2001இல் ஒரு குழுவினர் மூலப் பலகையையே பயன்படுத்திச் சுற்றிவந்தார்கள். 2007இல் மறையாக்க முறையே முழுவதும் விடுவிக்கப்பட்டது. அதில் பங்கெடுத்தவர்களுள் ஒருவரான நிக்கோலா சல்மோரியா, 1997 பிப்ரவரியில் மேம் என்ற எமுலேட்டரைத் தொடங்கியவர். விளையாட்டுக் கூடங்களின் பலகைகள் எவ்வாறு இயங்கின என்பதை ஆவணப்படுத்துவதே தன் முதல் நோக்கம், ஆட முடிவது அதன் பக்கவிளைவு என்று அறிவித்துக்கொண்ட திட்டம் அது. எமுலேட்டருக்காகத் தேடிய அறிவால், இறந்து கிடந்த மூலப் பலகைகள் மறுபடி உயிர்பெற்றன. கருவியே மேல், எமுலேட்டர் வெறும் போலி என்று வாதிடுவோர் இந்த ஒரு நிகழ்வையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் இடைப்பட்டதாக இப்போது எஃப்பிஜிஏ என்ற வழி பேசப்படுகிறது. வாங்கிய பிறகும் உள் இணைப்புகளை மாற்றியமைத்துக்கொள்ளக்கூடிய இந்தச் சில்லில், பழைய கருவியின் மின்சுற்றையே ஒத்த சுற்றை உருவாக்கலாம். 2017இல் தொடங்கிய மிஸ்டர் திட்டம் இவ்வகையைச் சார்ந்தது. சுற்றின் பகுதிகள் ஒரே நேரத்தில் இணையாக இயங்குவதால் தாமதம் மிகக் குறைவு. ஆனால் இதை எமுலேட்டருக்கு எதிர்ப்பதமாகவும் மூலக் கருவிக்கு நிகராகவும் விளம்பரம் செய்வது பொருத்தமற்றது. சுற்றை எழுதுபவருக்கும் மூலச் சில்லைப் பற்றி முன்னர்ச் சேர்ந்த அதே அறிவே ஆதாரம். அந்த அறிவில் பிழை இருந்தால் அது வன்பொருளிலும் பிழையாகவே வெளிப்படும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, எமுலேட்டர் எழுதுவதும் ஆட்டத்தின் நகலைப் பரப்புவதும் வேறு வேறு செயல்கள். பிளேஸ்டேஷன் ஆட்டங்களை மெக்கின்டோஷ் கணினியில் ஓட்டிய கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில், கருவியின் செயல்பாட்டை ஆராய்ந்தறிவதற்காக இடைநிலையில் நகலெடுத்தது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. ஆட்டங்களின் நகல் நிலைமை அவ்வாறில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அப்படியிருந்தும், நூலகங்கள் இத்தகைய ஆட்டங்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து அணுகத் தர அனுமதி கேட்டபோது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டார்கள், படிக்கவும் விடமாட்டார்கள் என்னும் இந்நிலை அறிவுலகுக்கு இழைக்கப்படும் அநீதியாகும்.

மூலக் கருவி என்ற சொல்லே உறுதியாக நிற்காத ஒரு களம் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நெருக்கமானது. 1990களில் இந்தியாவின் நகரங்களிலும் சிற்றூர்க் கடைத்தெருக்களிலும் விற்ற டிவி வீடியோ கேம்களில் மிகப் பெரும்பாலானவை நின்டெண்டோ செய்தவையல்ல. ஃபாமிகாமின் சில்லுகளை நகலெடுத்து, உரிமம் ஏதுமின்றிக் கிழக்காசியத் தொழிற்சாலைகளில் செய்தவை. கேசட் என்று இங்கே அழைக்கப்பட்ட அவற்றின் கேட்ரிட்ஜுகளில் பல, ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக மேலுறையில் அறிவித்துவிட்டு, ஒரு சில ஆட்டங்களையே வேறு வேறு கட்டங்களிலிருந்து தொடங்கிக் காட்டின. ரஷ்யாவில் 1992இல் டெண்டி என்ற பெயரில் விற்பனைக்கு வந்த நகலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நொடிக்கு ஐம்பது படம் காட்டும் பால் முறைத் தொலைக்காட்சிகளுக்கென அமைந்த இந்நகல்களில் ஒரு நுட்பம் உண்டு. நின்டெண்டோ ஐரோப்பாவுக்குச் செய்த கருவியில் செயலியின் வேகத்தை 1.66 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தது. நகல் செய்தவர்களோ ஜப்பானியக் கேட்ரிட்ஜுகள் பழுதின்றி ஓட வேண்டும் என்பதற்காக அதை 1.77 மெகாஹெர்ட்ஸில், மூலத்தின் 1.79க்கு மிக அருகில், வைத்துக்கொண்டு பட எண்ணிக்கையை மட்டும் ஐம்பதாக்கினார்கள். சுரத்தின் உயரம் செயலியின் வேகத்தைப் பொறுத்தது, பாட்டின் நடையும் ஆட்டத்தின் ஓட்டமும் பட எண்ணிக்கையைப் பொறுத்தவை; ஆகவே அந்நகல்களில் மரியோவின் இசை ஏறத்தாழ அதே சுருதியில், ஆறில் ஒரு பங்கு மந்த நடையில் ஒலித்தது. அத்தகைய கருவியில் ஆடி வளர்ந்த ஒருவருக்கு ஜப்பானிய மூலக் கருவியை இன்று கொடுத்தால், அவர் அறிந்த ஆட்டத்தைவிட விரைவான ஒன்றையே அவர் சந்திப்பார். மெசன் போன்ற எமுலேட்டர்களில் ஜப்பானிய, ஐரோப்பிய முறைகளோடு டெண்டி என்ற மூன்றாவது முறையும் தனியே சேர்க்கப்பட்டிருப்பது இதனால்தான். நகலும் வரலாறே என்று ஏற்றுக்கொண்ட அந்த முடிவு பாராட்டத்தக்கது.

ஆனால் இந்நகல்கள் அனைத்தும் ஒரே வகையின அல்ல. பிற்காலத்தவற்றில் செயலியும் படச் சில்லும் ஒன்றாக்கப்பட்டு, கரிய பசைக்கட்டியின் அடியில் பெயரோ எண்ணோ இல்லாமல் புதைக்கப்பட்டன. பல்லாட்டக் கேசட்டுகளோ ஆட்டத்துக்கு ஆட்டம் தாவுவதற்கு ஒவ்வொரு தொழிற்சாலையும் வகுத்துக்கொண்ட தனித்தனிச் சுற்றுகளைக் கொண்டவை. எந்த நிறுவனமும் இவற்றின் ஆவணங்களை வெளியிடப் போவதில்லை. மூலப் பொருள் கையில் இருந்து, அதன் சில்லைப் படித்து, சுற்றை வரைந்து வைத்தால் மட்டுமே எமுலேட்டரில் எழுத முடியும். முறையாகப் பெற்ற நிரலின் செயல்பாட்டை ஆராயவும் அதைக் காப்புப்படி எடுத்துக்கொள்ளவும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது என்றாலும், உரிமமின்றி நகலெடுத்து விற்ற கேசட்டுகளை அப்பிரிவு காக்குமா என்பது வழக்குரைஞர்கள் வாதிட வேண்டிய கேள்வி. கல்லூரிகளின் மின்னணுவியல் துறைகள் இப்பணியை ஏற்றுக்கொள்ள முன்வருமானால், முதலில் சேர்க்க வேண்டியவை பழைய இரும்புக்கடைகளுக்கும் மின்கழிவுக் கிடங்குகளுக்கும் போய்க்கொண்டிருக்கும் இந்தப் பெட்டிகள்தாம். ஒவ்வொன்றையும் பிரித்து, பலகையின் இருபுறத்தையும் படமெடுத்து, கேசட்டின் உள்ளடக்கத்தைப் படித்துப் பதிந்த பிறகு, பலகையைத் தூக்கியெறியாமல் அந்தப் பதிவோடு சேர்த்தே வைக்க வேண்டும்.